சினிமா படிக்க எந்தக் கல்லூரி? தரமணி, புனே, விஸ்காம், தனியார் அகாதமிகள்: ஒரு படத்தொகுப்பாளரின் மதிப்பீடு

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: சினிமா படிக்க ஆசைப்படும் மகனையோ மகளையோ எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? நான் சென்னையில் படத்தொகுப்பாளராக வேலை செய்கிறேன். பல கல்லூரிகளிலிருந்தும் வெளிவந்த இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் எடுத்த காட்சிகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எடிட் சூட்டில் உட்கார்ந்து ரஷ்ஷை, அதாவது இன்னும் வெட்டாத மூலக் காட்சிகளைப் பார்க்கத் தொடங்கினால், எடுத்தவர் எப்படிப்பட்ட பயிற்சியில் வளர்ந்தவர் என்பது ஓரளவு தெரிந்துவிடும். காட்சியை வெட்டிச் சேர்ப்பதற்கு வேண்டிய ஷாட்டுகளை எடுத்திருக்கிறாரா, நடிகரின் பார்வைத் திசை அடுத்த ஷாட்டோடு பொருந்துகிறதா, வசனம் இல்லாத இடத்திலும் அந்த அறையின் ஒலியைத் தனியே பதிவு செய்து வைக்க நினைவிருந்ததா என்பவையெல்லாம் யாராவது உடனிருந்து திருத்தினால் மட்டுமே படியும் பழக்கங்கள். அந்தப் பழக்கங்கள் எங்கே நன்றாகப் படிகின்றன என்ற நோக்கில்தான் இந்தக் கல்லூரிகளை இங்கே மதிப்பிடுகிறேன்.

என் அளவுகோல் இரண்டு கேள்விகள்தான். படிக்கும் காலத்தில் ஒரு மாணவர் தம் கையால் எத்தனை படங்களை எடுத்து, தொகுத்து, ஒலி சேர்த்து, முழுமையாக முடிப்பார்? அவற்றைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்து, எங்கே தவறியிருக்கிறது என்று சொல்ல அங்கே தகுதியானவர்கள் இருக்கிறார்களா? விளம்பரப் படிவங்களில் முதல் பக்கத்தை நிரப்பும் கேமரா மாதிரிகளும், கட்டடங்களின் படங்களும், புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் பெயர்களும் இந்த இரண்டு கேள்விகளுக்குப் பிறகு வர வேண்டியவை. விலை உயர்ந்த கேமராவை வாடகைக்கு எடுக்கலாம். தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை வீட்டுக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் காட்சியில் யாருடைய பக்கம் நிற்கிறாய் என்பதை நீ இன்னும் முடிவு செய்யவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆசிரியரை வாடகைக்கு எடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த கையோடு நேரடியாகத் திரைப்படத் தொழில்நுட்பம் படிக்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். 1945-இல் சென்னை மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாகத் தொடங்கியது. புனேயில் உள்ள மத்திய அரசின் திரைப்பட நிறுவனத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் மூத்தது. திரையுலகினர் இன்றும் அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட் என்றே சொல்கிறார்கள். முன்பு டி.எஃப்.டெக். என்ற மூன்றாண்டுப் பட்டயம் வழங்கிய இந்நிறுவனம், இப்போது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நான்காண்டு காட்சிக்கலைப் பட்டங்களை வழங்குகிறது. ஒளிப்பதிவு, எண்மிய இடைநிலை, ஒலிப்பதிவு, இயக்கம் மற்றும் திரைக்கதை எழுதுதல், படத்தொகுப்பு, உயிர்ப்பூட்டல் மற்றும் காட்சிப்பயன் (அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ்) என ஆறு பிரிவுகள் உள்ளன. எண்மிய இடைநிலை என்பது தொழிலில் டிஐ என்று சொல்லப்படும் வண்ணச் சீரமைப்புப் பணி. அதற்கென்றே இளநிலைப் பட்டம் வைத்திருப்பது அரிது. அதன் மதிப்பைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. இயக்கத்துக்கே எல்லோரும் விண்ணப்பிக்கும் இடத்தில், டிஐ, ஒலிப்பதிவு ஆகிய பிரிவுகளில் சேர்ந்தவர்களுக்குப் படிப்பு முடிந்த கையோடு வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை நான் தொழிலில் கண்கூடாகப் பார்க்கிறேன்.

தரமணியின் முதல் பலம் அதன் கட்டணம். அரசு நிறுவனமாதலால், தனியார் அகாதமிகள் ஓராண்டுக்கு வாங்கும் தொகையில் ஒரு சிறு பகுதியில் நான்கு ஆண்டுகளையும் முடித்துவிடலாம். இரண்டாவது பலம் மொழி. தமிழ் வழியில் படித்த ஒரு மாணவர் தம் மொழியிலேயே ஐயம் கேட்டு, தம் மொழியிலேயே கதை எழுதி, தம் ஊர்ப் பேச்சு பேசும் நடிகர்களை வைத்துப் படமெடுத்துப் பழக இதைவிடப் பொருத்தமான அரசு நிறுவனம் வேறில்லை. மூன்றாவது பலம் உடன் படிக்கும் கூட்டம். ஒரே ஆண்டில் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, தொகுப்பு என்று தனித்தனியே படிப்பவர்கள் ஒருவருக்கொருவர் படங்களில் வேலை செய்து, அந்தக் கூட்டாகவே தொழிலுக்குள் நுழைகிறார்கள். இந்நிறுவனத்தில் படித்து வந்தவர்கள் ஒன்றுசேர்ந்து 1986-இல் எடுத்து வெற்றி பெற்ற 'ஊமை விழிகள்' அதற்குத் தெளிவான சான்று. அதுவரை திரைப்படக் கல்லூரி மாணவர்களைச் சற்றுத் தள்ளியே வைத்திருந்த கோடம்பாக்கம் அதற்குப் பிறகு அவர்களை வேறு கண்ணோடு பார்த்தது. ஒளிப்பதிவாளர்கள் பி.சி.ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் இங்கே படித்தவர்கள். இயக்குநர் ருத்ரய்யாவும் இங்கிருந்து வந்தவரே.

பழம்பெருமையை மட்டும் நம்பிச் சேரக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசு நிறுவனம் என்பதால் புதிய கருவிகள் வாங்குவதும், காலியான ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவதும் அலுவலக நடைமுறையின் வேகத்தில்தான் நடக்கும். சேரும் ஆண்டில் முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், மாணவர் படங்களுக்கான நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா, சென்ற ஆண்டின் இறுதிப் படங்கள் உரிய காலத்தில் முடிந்தனவா என்பவற்றை, நேரில் சென்று இறுதியாண்டு மாணவர்களிடம் கேட்டறிய வேண்டும். இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால், வேறெங்கும் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பலரும் கவனிக்காத ஒரு வசதியும் உண்டு. அதே தரமணி வளாகப் பகுதியில்தான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ்ப் படங்களின் பாட்டுப் புத்தகங்களும், திரை இதழ்களும், விளம்பர நோட்டீசுகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. தமிழ் சினிமா எப்படிப் பேசி, எப்படி விற்கப்பட்டு வளர்ந்தது என்பதை அறிய விரும்பும் மாணவருக்கு அது இன்னொரு வகுப்பறை.

புனேயில் உள்ள இந்தியத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி நிறுவனம் வேறு தளத்தில் இயங்குவது. 1933-இல் கோலாப்பூரிலிருந்து புனேவுக்கு வந்த பிரபாத் பட நிறுவனத்தின் ஸ்டூடியோ வளாகத்தில், 1960-இல் மத்திய அரசு இதைத் தொடங்கியது. இதன் முதன்மையான மூன்றாண்டுப் படிப்புகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் தேவை. பிளஸ் டூ முடித்தவர் நேரே சேர முடியாது. இயக்கம் மற்றும் திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, கலை இயக்கம் ஆகிய துறைகள் ஒவ்வொன்றிலும் பத்துப் பேரை ஒட்டித்தான் சேர்க்கிறார்கள். இந்தச் சிறிய எண்ணிக்கையில்தான் அதன் உண்மையான மதிப்பு அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு பயிற்சிப் படத்துக்கும் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர் என்று குழு அமைவதால், யாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. காட்சித் தொடர்ச்சிக்கு ஒரு பயிற்சி, வசனக் காட்சிக்கு ஒரு பயிற்சி, பாடலைப் படமாக்க ஒரு பயிற்சி என்று ஏறி, கடைசியில் டிப்ளமோ படம் வரை செல்லும் அந்தப் படிமுறை, ஒரு தொகுப்பாளரின் பார்வையில் இந்தியாவிலேயே செம்மையானது. இயக்க மாணவர் தம் படத்தைத் தாமே வெட்டிவிடுவதில்லை. தொகுப்பு படிக்கும் சக மாணவரிடம் கொடுத்து, அவரோடு வாதாடி, சில இடங்களில் விட்டுக்கொடுக்கக் கற்கிறார். தொழிலுக்கு வந்த பிறகு நான் பணியாற்றிய இயக்குநர்களில், இந்தப் பழக்கம் உள்ளவர்களின் படங்களே காலத்தில் முடிந்திருக்கின்றன.

படம் எடுப்பதற்கு இணையாகப் படம் பார்ப்பதும் அங்கே பாடமாக இருக்கிறது. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல் அதே ஊரில் தொடங்கப்பட்டு, பி.கே.நாயரின் உழைப்பால் வளர்ந்ததால், உலகப் படங்களைத் திரையரங்கின் இருட்டில் அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு பல தலைமுறை மாணவர்களுக்குக் கிட்டியது. கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கும், நூறு பேரோடு அமர்ந்து பார்த்துவிட்டு வெளியே மரத்தடியில் நள்ளிரவு வரை வாதிடுவதற்கும் உள்ள வேறுபாடு, படம் எடுக்கும்போதுதான் தெரியவரும். 1960-களின் நடுவில் வங்க இயக்குநர் ரித்விக் கட்டக் அங்கே ஆசிரியராக இருந்த சிறிது காலத்திலேயே, பின்னாளில் இயக்குநர்களான மணி கவுல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் போன்ற மாணவர்களிடம் ஏற்படுத்திய தாக்கம் இந்திய சினிமா வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அண்மையில் 2024-இல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்ற இயக்குநர் பாயல் கபாடியா அங்கே படித்தவர். அதே ஆண்டு, அதே விழாவின் மாணவர் பிரிவில் முதல் பரிசு பெற்ற மைசூரைச் சேர்ந்த சிதானந்த நாயக், அங்கே தொலைக்காட்சிப் பிரிவின் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தவர். மூன்றாண்டுப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்று மனம் சோர்பவர்கள் இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புனேயின் குறைகளும் ஊரறிந்தவை. மூன்றாண்டுப் படிப்பு குறித்த காலத்தில் முடியாமல் நீண்டுகொண்டே போனது பல காலம் பேசப்பட்ட குறை. 2015-இல் நிறுவனத்தின் தலைவர் நியமனத்தை எதிர்த்து மாணவர்கள் 139 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகவே மூன்று ஆண்டுகள் என்று கணக்குப் போட்டுக் குடும்பத்தின் வரவு செலவைத் திட்டமிடுபவர்கள் சற்றுக் கூடுதலாகவே காலம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. நுழைவுத் தேர்வும் வகுப்புகளும் ஆங்கிலத்தையும் இந்தியையும் சார்ந்தே நடப்பதால், தமிழ் வழி மாணவர்களுக்கு முதல் ஆண்டு கடினமாக இருக்கும். அந்தக் கடினத்தைப் பொறுத்துக்கொண்டு படித்துவிட்டால், பல மாநிலங்களைச் சேர்ந்த உடன் மாணவர்களின் நட்பு வாழ்நாள் முழுவதும் துணை நிற்கும். 2025-இல் புனே, கொல்கத்தா ஆகிய இரு நிறுவனங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்திருக்கிறது. பின்னாளில் கற்பிக்க விரும்புபவர்களுக்கு இது பயன்படும்.

கொல்கத்தாவில் 1995-இல் தொடங்கப்பட்ட சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமும் புனேயின் அச்சிலேயே அமைந்தது, அதுவும் பட்டதாரிகளுக்கானது. தயாரிப்புக்கென்றே தனித் துறை அங்கே இருப்பதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். பட்ஜெட் போடுவது, படப்பிடிப்பு அட்டவணை வகுப்பது, ஒப்பந்தம் எழுதுவது ஆகியவற்றை முறையாகப் பயின்ற தயாரிப்பாளர்கள் தமிழ்த் திரையுலகில் மிகக் குறைவு. வணிகவியல் படித்துவிட்டுச் சினிமாவில் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் இந்தத் துறையைத் தயங்காமல் முயன்று பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் மிகப் பெரும்பாலானோர் சேர்வது விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது விஸ்காம் படிப்பில். சென்னை லயோலா கல்லூரி இதை முதலில் தொடங்கிய கல்லூரிகளுள் ஒன்று. கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி தொடங்கி, இன்று சிறு நகரங்களின் சுயநிதிக் கல்லூரிகள் வரை இந்தப் படிப்பு பரவிவிட்டது. பெற்றோரும் பிள்ளைகளும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டியது, விஸ்காம் ஒரு திரைப்படப் படிப்பு ஆகாது. வரைகலை, புகைப்படம், விளம்பரம், வானொலி, தொலைக்காட்சி, ஊடகக் கோட்பாடு ஆகியவற்றுக்கு நடுவே சினிமாவும் ஒரு பகுதியாக வருகிறது. மூன்று ஆண்டுகளில் முழுமையாக முடிக்கப்படும் குறும்படம் பெரும்பாலான கல்லூரிகளில் ஒன்றோ இரண்டோதான். அதையும் ஐந்தாறு பேர் கொண்ட குழுவாகச் செய்ய வேண்டியிருக்கும். அந்தக் குழுவில் கேமராவைத் தொடாமலே பட்டம் பெறுபவரும் உண்டு.

இருந்தும் விஸ்காமை நான் ஒதுக்கிவிடவில்லை. பதினேழு வயதில் இயக்குநர் ஆவேன் என்று சொல்லும் பிள்ளைக்கு, தமக்கு உண்மையில் பிடித்தது ஒலியா, எழுத்தா, வடிவமைப்பா என்று கண்டுகொள்ள மூன்றாண்டு அவகாசம் கிடைக்கிறது. பட்டம் கையில் இருப்பதால் புனேவுக்கும் கொல்கத்தாவுக்கும் விண்ணப்பிக்கும் தகுதியும் வருகிறது. ஆனால் அதே தகுதி தமிழ் இலக்கியத்திலோ, வரலாற்றிலோ, இயற்பியலிலோ பட்டம் பெற்றவருக்கும் உண்டு. மாதம் முழுவதும் நாவல் படிக்கும் மாணவருக்கு, அரசுக் கலைக் கல்லூரியில் இலக்கியம் படித்துக்கொண்டே விடுமுறையில் நண்பர்களோடு குறும்படம் எடுப்பது, பெருந்தொகை கட்டி விஸ்காமில் சேர்வதைவிட நல்ல வழியாக அமையக்கூடும். திரைக்கதைகளில் நான் காணும் வறுமை, பெரும்பாலும் வாசிப்பின் வறுமையாகவே இருக்கிறது.

தனியார் அகாதமிகளில் சென்னையில் அதிகம் பேசப்படுபவை சாலிகிராமத்தின் எல்.வி.பிரசாத் அகாதமியும், ராஜீவ் மேனன் தொடங்கிய மைண்ட்ஸ்கிரீன் நிறுவனமும். மும்பையில் இந்திப் பட இயக்குநர் சுபாஷ் கய் தொடங்கிய விஸ்லிங் வுட்ஸ், கோரேகான் பிலிம் சிட்டி வளாகத்திலேயே இயங்குகிறது. இத்தகைய நிறுவனங்களின் பலம், தொழிலில் இருப்பவர்கள் நேரே வந்து கற்பிப்பதும், கருவிகள் காலத்துக்கேற்பப் புதியவையாக இருப்பதும். ஓரிரு ஆண்டுகளில் முடியும் படிப்புகள், வேறு வேலையிலிருந்து சினிமாவுக்கு மாற விரும்பும் இருபத்தைந்து வயதுக்காரருக்குப் பொருந்தும்.

கட்டணம்தான் சிக்கல். பல லட்சங்களைக் கல்விக்காகவே செலவழித்துவிட்டு, வெளியே வந்த பிறகு உதவி இயக்குநராகவோ உதவித் தொகுப்பாளராகவோ சேரும் பிள்ளைக்கு, முதல் சில ஆண்டுகள் பேட்டாவைத் தவிர நிலையான வருமானம் இராது. அந்த ஆண்டுகளில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். கல்விக் கடனின் தவணையும் அதே நேரத்தில் தொடங்கினால், பிள்ளை சினிமாவை விட்டுவிட்டுக் கல்யாண வீடியோ எடுக்கப் போய்விடும். அப்படிப் போன திறமைசாலிகளை நான் அறிவேன், அவர்களை நினைத்து வருந்தியும் இருக்கிறேன். எனவே கையிலிருக்கும் தொகை எவ்வளவோ, அதில் பாதியைப் படிப்புக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளுக்கு என ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிப் பாதிக்குள் அடங்கும் கல்லூரியைத் தேடுங்கள். கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்றால், அந்தப் படிப்புக்கு உரிய அங்கீகாரம் உண்டா என்பதை வங்கியில் கேட்டறிந்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

கல்லூரியே வேண்டாம், ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்தால் போதும் என்று சொல்பவர்களும் தமிழ்நாட்டில் அதிகம். அந்த வழிக்கும் நம்மிடம் பெரிய மரபு இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து புனேவுக்குச் சென்று ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திராவிடம் உதவியாளர்களாக இருந்தே பாலா, ராம், வெற்றிமாறன் ஆகியோர் உருவானார்கள். தாம் கற்ற பள்ளியைத் தம் அலுவலகத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தவர் அவர். வெற்றிமாறனும் 2021-இல் பன்னாட்டுத் திரை-பண்பாடு ஆய்வகத்தைத் தொடங்கி, பின்தங்கிய சூழலிலிருந்து வரும் பட்டதாரிகளுக்குக் கட்டணம் இல்லாமல் பயிற்சி கிடைக்க வழி செய்தார். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வேறு எங்கு விண்ணப்பித்தாலும், இங்கேயும் விண்ணப்பித்துவிட வேண்டும். ஆனால் உதவியாளராகச் சேர்பவர் எல்லோருக்கும் கற்றுத்தரும் மனம் கொண்ட இயக்குநர் அமைவதில்லை. ஆண்டுக்கணக்கில் கிளாப் அடித்தும், நடிகருக்கு வசனம் படித்துக் காட்டியும் கழித்துவிட்டு, ஒரு காட்சியைக்கூடத் தாமே எடுத்துப் பார்க்காதவர்கள் ஏராளம். பெண் பிள்ளைகளுக்கு அறிமுகம் இல்லாத அலுவலகங்களில் நுழைவதே கடினமாக இருக்கும் நிலையில், கல்லூரி தரும் உடன் மாணவர் கூட்டம் அவர்களுக்கு மேலும் இன்றியமையாததாகிறது.

எந்த வளாகத்தைப் பார்க்கச் சென்றாலும், அலுவலகத்தில் பேசி முடித்த பிறகு விடுதிக்கோ கேன்டீனுக்கோ சென்று மாணவர்களிடம் பேசுங்கள். சென்ற ஆண்டின் இறுதிப் படங்களைப் பார்க்கத் தருமாறு கேளுங்கள்; விழாவுக்குச் சென்ற ஒரு படத்தை மட்டும் காட்டினால், மற்றவற்றையும் கேளுங்கள், ஏனெனில் நடுத்தர மாணவரின் படம்தான் அந்தக் கல்லூரியின் உண்மையான தரத்தைக் காட்டும். அந்தப் படங்களில் வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஒலியைப் பற்றி அக்கறை கொள்ளாத கல்லூரி, மற்றவற்றிலும் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே கவனிப்பதாக இருக்கும். படப்பிடிப்புச் செலவை நிறுவனம் ஏற்கிறதா, மாணவரே ஏற்க வேண்டுமா என்பதையும், முடிந்த படத்தின் உரிமை யாருக்கு என்பதையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். ஒரு கேமராவை எத்தனை மாணவர்கள் பகிர்கிறார்கள், எடிட் சூட் இரவில் திறந்திருக்குமா, வாரத்தில் எத்தனை படங்கள் திரையிடப்படுகின்றன என்பவற்றுக்கும் விடை கேளுங்கள். "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று எழுதியிருந்தால், அந்தக் கல்லூரியிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. திரைத்துறையில் வளாக நேர்காணலில் வேலை தரும் வழக்கம் இல்லை. தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியோடு இணைந்த சங்கங்களில் உறுப்பினராவதும் சான்றிதழுக்கு அப்பால் தனியே கடக்க வேண்டிய படி.

என் சொந்தக் குடும்பத்துப் பிள்ளை கேட்டால் நான் சொல்லும் வரிசை இதுதான். பிளஸ் டூ முடித்து, ஒளிப்பதிவோ ஒலியோ தொகுப்போ என்று ஒரு தொழில்நுட்பத்தில் மனம் நிலைத்துவிட்டவருக்குத் தரமணி. இயக்கத்தில் ஆசை, ஆனால் இன்னும் உலகைப் பார்க்க வேண்டிய வயது என்றால், குறைந்த செலவில் பிடித்த பாடத்தில் ஒரு பட்டம். அதன் பின் புனே, கொல்கத்தா நுழைவுத் தேர்வுகளை ஒரு முறை தவறினாலும் மறுமுறை எழுதும் பொறுமை. தனியார் அகாதமி, கடன் இல்லாமல் கட்டணம் கட்ட முடிந்தவருக்கும், குறுகிய காலத்தில் குறிப்பிட்ட ஒரு திறனைப் பெற விரும்புபவருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் இருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். நேர்காணலில் பிடித்த படம் எது என்று கேட்டால் பெயர் சொல்லி நிறுத்தாமல், அதில் ஒரு காட்சியை எடுத்து, கேமரா ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று விளக்கப் பழகுங்கள். டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும், முடிந்தால் திருவனந்தபுரத்தில் அதே மாதம் நடக்கும் கேரள விழாவுக்கும் சென்று, ஒரு நாளைக்கு மூன்று நான்கு படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதுங்கள். கைப்பேசியில், வசனமே இல்லாமல், ஒரே அறையில், ஒருவரை மட்டும் வைத்து மூன்று நிமிடப் படம் ஒன்று எடுங்கள். அதை முடித்து, சினிமா தெரிந்த ஒருவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திரும்ப எடுங்கள். இரண்டு வடிவங்களையும் அழிக்காமல் வைத்திருந்து, தேர்வுக் குழுவினர் கேட்டால் இரண்டையும் காட்டி, எதை ஏன் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.